பதிவேட்டில் இல்லாத யாளி

என் கோபத்தை இனி நேரில் வாங்கிக்கொள்ள முடியாத என் அருமை அப்பாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, உங்கள் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தது. பல்கூடத் துலக்கவில்லை. தினமும் கண்ணாடியைத் துடைத்து, பூவை மாற்றி, ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன். நீங்கள் போய்ப் பதினான்கு மாதமாக ஒருநாளும் அது தவறியதில்லை. இன்று பூவும் இல்லை, துணியும் இல்லை. திருப்பியதும் பின்பக்கத்து அட்டையும் துருப்பிடித்த ஆணிகளும்தான் தெரிந்தன. அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் கூடிப்போனது.

காபி கேட்டு வந்த உங்கள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். "இன்னா, மாமாவ இப்டி நிக்க வெச்சிகீற? ஹோம்வொர்க் செய்யலியா?" என்றார். சேகருக்கு எல்லாமே சிரிப்பு. நான் ஃபோனை நீட்டினேன்.

நாம் முன்பு இருந்த குடியிருப்பின் அலுவலகத்திலிருந்து என் மனுவுக்குப் பதில் வந்திருந்தது. ஆங்கிலத்தில் நான்கே வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: நீங்கள் உடைக்க வேண்டாம் என்று கேட்கும் யாளி எங்கள் பூங்காவில் இல்லை. சொத்துப் பதிவேட்டில் அப்படி ஒரு பொருள் என்றைக்குமே இருந்ததில்லை. இருப்பது ஒரு சிமென்ட் சிங்கம். அதை உபயோகமற்றது என்று கழித்தாகிவிட்டது. ஆகவே உங்கள் மனு முடித்துவைக்கப்படுகிறது.

சேகர் அதை இரண்டு தரம் படித்தார். "மாமா பேனாவுல எழுதிட்டுப் பூட்டாரு. இனிமே அந்த யாளியே எழுந்து போய் மனு குடுத்தாலும் அது சிங்கந்தான்." சொல்லிவிட்டு உங்கள் படத்தை அவரே நேராகத் திருப்பிவிட்டு, காபியை அவரே கலந்துகொண்டார். அந்தப் பதிவேட்டில் அப்படி எழுதியது உங்கள் கை அப்பா. உங்கள் கையெழுத்து. யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

இந்தக் கடிதத்தை உங்களோடு சேர்ந்து வேறு சிலரும் படிப்பார்கள். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஊழியர் குடியிருப்பில் நாம் இருந்தோம். நீங்கள் அங்கே எஸ்டேட் சூப்பர்வைசர். குழாய் ஒழுகினாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் உங்களைத்தான் தேடுவார்கள். பூங்காவும் உங்கள் பொறுப்பு. எனக்கு ஏழு வயது இருக்கும்போது, அந்தக் காலத்துப் பெரிய மேனேஜரின் மனைவிக்கு ஓர் ஆசை வந்தது. எல்லா ஊர்ப் பூங்காவிலும் யானைச் சறுக்குமரம் இருக்கிறது, நம் பூங்காவில் சிங்கச் சறுக்குமரம் இருக்கட்டும் என்று சொன்னார். நீங்கள் கட்டம் போட்ட தாளில் ஒரு சிங்கத்தை வரைந்து, அதன் வாலை நீட்டிச் சறுக்குப் பலகை ஆக்கி, மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்த சிங்கம் தீப்பெட்டிப் படத்துச் சிங்கம்தான்.

வேலை செய்ய மாமல்லபுரத்திலிருந்து ஏகாம்பரம் வந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கோயில் கோபுரங்களில் சுதைப் பொம்மை செய்துகொண்டிருந்தவர். பம்ப் ஷெட்டில் தங்கினார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். முதலில் கம்பி, அப்புறம் செங்கல், அப்புறம் சிமென்ட். நான்கு கால் வந்தது. நகம் வந்தது. முதுகு வந்தது. அதற்குள் கல்யாண வீடு என்று நீங்கள் ஒருவாரம் திருநெல்வேலிக்குப் போய்விட்டீர்கள்.

திரும்பி வந்த அன்று, கையில் அல்வாப் பொட்டலத்தோடு பூங்காவுக்குள் நீங்கள் நுழைந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிதுங்கிய கண், சுருள் சுருளாகப் பிடரி, இரண்டு பக்கமும் தந்தம், திறந்த வாய். அதற்கு மேலே கிளம்பி வளைந்து மணலைத் தொடும் நீளமான தும்பிக்கை.

"எய்யா, நான் சிங்கம்லா கேட்டேன்! இது என்னது?"

"சிங்கந்தான் சார் செஞ்சிகினு வந்தேன். வால்ல எவன் சார் சறுக்குவான்? புள்ளைங்க முதுகுல ஏறி, மூஞ்சி வழியா எறங்குனாதான் குஷி. அதுக்குத் தும்பிக்க வேணும். சிங்கத்துக்குத் தும்பிக்க வெச்சா அது யாளி ஆயிடும். அதுக்கு நா இன்னா சார் பண்றது?"

இதைவிட ஒழுங்கான பதிலை நான் இன்றுவரை எந்த அலுவலகத்திலும் கேட்டதில்லை அப்பா. பள்ளிக்கூடம் போகும் முன்பே பார்த்துப் பழகிய மிருகத்தைத்தானே ஒரு மாமல்லபுரத்துக்காரர் செய்வார்? நீங்கள் அல்வாப் பொட்டலத்தோடு அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் பார்வையிட வந்தார். சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு குனிந்து என்னிடம் கேட்டார், "இது என்ன பாப்பா?" என் தோள்மேல் உங்கள் கை இருந்தது. வியர்த்திருந்தது. லேசாக அழுத்தியது. எனக்கு அதன் பெயர் தெரியும். ஏகாம்பரம் அதன் பெயரை, காதை, தந்தத்தை எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனாலும் நான், "சிங்கம் அங்கிள்" என்றேன்.

மேனேஜர் நிமிர்ந்து, தும்பிக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏதோ மாடர்ன் ஆர்ட் போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் தெரிந்தே சொன்ன முதல் பொய் அது. உங்களுக்காகச் சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "அது யாளிதானே அப்பா?" நீங்கள் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னீர்கள், "அது சிங்கந்தாம்ளா. வெளிய யாருட்டயும் வேற பேரு சொல்லப்பிடாது." அன்றைக்குச் சொன்னதை நீங்கள் சாகிறவரை மாற்றவில்லை. எனக்குக் கல்யாணமானபோதும் சிங்கம், பேத்தி பிறந்தபோதும் சிங்கம். ஓய்வுபெற்ற நாளில், சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு வரும்போது வம்புக்குக் கேட்டேன். "இன்னும் என்ன சந்தேகம் ஒனக்கு?" என்று முறைத்தீர்கள்.

ஆனால் எனக்கு மிருகங்கள்மேல் வந்த பிரியம் முழுவதும் அந்தப் பொய்யிலிருந்துதான் வந்தது. பெயர் சொல்லக்கூடாத ஒன்று வீட்டருகே இருந்தால், குழந்தைக்கு அதன்மேல் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்? நான் அதன் காதில்தான் ரகசியங்களைச் சொன்னேன். "யாளி, யாளி" என்று அதன் பெயரை அதனிடமே சொல்வேன், அதற்காவது தெரிந்திருக்கட்டும் என்று. பள்ளியில் மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனபோது, புலிக்குகை என்ற பலகைக்குப் பின்னால் என் யாளியின் முகம் பதினொன்று வரிசையாக வாய் பிளந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது. இதற்கும் யாரோ தப்புப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்! அங்கேயும் ஒரு சூப்பர்வைசர் இருந்திருப்பாரோ?

அந்தப் பயணத்தில்தான் பாறையில் அந்த மானைப் பார்த்தேன். யானைக்கூட்டமும் முனிவர்களும் தேவர்களும் நிற்கிற பெரிய பாறையில், இது மட்டும் உட்கார்ந்தபடி பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. உலகமே தவம் செய்யும்போது தனக்கு அரிக்கிறது என்று சொறிந்துகொள்ளும் மிருகத்தை எப்படிப் பிடிக்காமல் போகும்? இன்னொரு குகையில் எருமைத்தலை அசுரனையும் பிடித்தது. தோற்கப்போகிறவன்தான். ஆனால் இன்னும் விழவில்லை, கையிலிருந்த கதாயுதத்தை இறக்கிப் போடவில்லை. அதன்பிறகு செங்கல்பட்டில் ஏரிக்கரை ரோட்டை எருமைகள் மறிக்கும்போது மற்றவர்கள் ஹார்ன் அடிப்பார்கள், நான் வண்டியை அணைத்துவிட்டு அவற்றின் முகத்தைப் பார்ப்பேன். அடுப்படிப் பல்லி, மாடிப்படியில் காயும் ஓணான், பாடப்புத்தகத்துக்கு வெளியே நான் பார்த்தே இராத எறும்புதின்னி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போயின. நிஜமிருகம் எது, கற்பனைமிருகம் எது என்று நான் ரொம்ப நாள் பிரிக்கவில்லை. பார்த்தது, இன்னும் பார்க்காதது என்றுதான் பிரித்தேன்.

கல்லூரியில் விலங்கியல் எடுத்தேன். கடற்கரைக்குக் கூட்டிப்போய், கண்ணில் பட்ட உயிரினங்களை எல்லாம் ரெக்கார்டு நோட்டில் வகைப்படுத்தச் சொன்னார்கள். நண்டு, சிப்பி, நட்சத்திரமீன் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் யாளியையும் எழுதினேன். தொகுதி முதுகுநாணி, வகுப்பு பாலூட்டி, வரிசை என்ற இடத்தில் கேள்விக்குறி. முழுப் பக்கத்தையும் சிவப்பு மையால் அடித்துத் திருப்பித் தந்தார்கள். வகுப்பே சிரித்தது. அன்றிரவு சாப்பிடும்போது உங்களிடம் சொன்னேன். நீங்கள் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "சிங்கம்னு எழுதிருந்தா மார்க் போட்டுருப்பாங்க" என்றீர்கள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன், ஞாபகம் இருக்கிறதா?

இப்போது நாவலூரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, எங்கோ இருக்கும் நோயாளிகளின் நோய்களுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறேன். விலங்கியல் படித்தவர்களுக்கு அந்த வேலைதான் சுலபமாகக் கிடைக்கிறது. ஆமை கடித்தால் அதற்கு ஓர் எண், கிளி கொத்தினால் ஓர் எண். நான் நேசித்த மிருகங்களெல்லாம் இப்போது என்னிடம் கடித்துவிட்டுத்தான் வருகின்றன.

போன மாதம் அந்தோணியிடமிருந்து ஃபோன் வந்தது. உங்களுக்கு அந்தோணியைத் தெரியும். நீங்கள் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு செக்யூரிட்டியாகச் சேர்ந்தவர். உங்கள் காரியத்துக்கு வந்து, கடைசிவரை நின்று, பந்தல் நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போனவர்.

"எக்கா, ஒங்க அப்பாரு சிங்கத்த ஒடைக்கப் போறாங்க. பார்க்கயே புச்சா பண்றாங்களாம். ரப்பர் தரை, டைனோசரு, இன்னான்னாவோ வருது. வந்து ஒரு தபா பாத்துகினு போ."

ஞாயிற்றுக்கிழமை போனேன். தும்பிக்கையின் நுனி உடைந்து கம்பி வெளியே தெரிந்தது. நீங்கள் வருடாவருடம் மஞ்சள் பெயின்ட் அடிக்க வைத்தீர்களே, சிங்க நிறம் வேண்டும் என்று, அது அடுக்கடுக்காக உரிந்திருந்தது. வாய்க்குள் இப்போதும் மைனா கூடு. ஒரு வருடம் மட்டும் நீங்கள் பெயின்ட் அடிக்கவில்லை. அந்த வருடமும் வாய்க்குள் குஞ்சுகள் இருந்தன. ஏன் அடிக்கவில்லை என்று அம்மா கேட்டதற்கு, "பெயின்டு வரல" என்றீர்கள். ஆனால் டப்பாக்கள் நம் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில்தான் இருந்தன. நாயைக் கண்டால் குடையை விரித்துப் பிடிக்கிற ஆள் நீங்கள். மிருகம் என்றாலே உங்களுக்கு ஆகாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது குஞ்சுகளுக்காகவா, சோம்பலா?

நான் தும்பிக்கையைத் தடவிக்கொண்டு நின்றபோது அந்தோணி பக்கத்தில் வந்தார். "சின்ன வயசுல இதுல எவ்ளோ சறுக்கி இருப்போம் இல்ல அந்தோணி?" என்று பேச்சுக்குச் சொன்னேன். அவருக்கும் என் வயதுதான். குடியிருப்பின் மதிலுக்கு அந்தப்பக்கம்தான் அவருடைய தெரு. கம்பெனி வருவதற்கு முன்னால் அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள்.

"நீ சறுக்கி இருப்ப. ஒங்கப்பாரு எங்கள எங்க உள்ள வுட்டாரு? கேட்டாண்ட வந்தாலே பிரம்ப எடுத்துகினு வருவாரு. மதில் மேல குந்திகினு பாப்போம். நீ ஊதா கவுனு போட்டுகினு மேல ஏறி இஸ்கூல் டீச்சர் மாரி கத்திகினு இருப்ப."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அட, வுடுக்கா. செக்யூரிட்டியா சேந்தேன் இல்ல, அன்னிக்கு மத்தியானம் பார்க்குல யாரும் இல்ல. தொப்பிய கழட்டி வெச்சிட்டு மூணு வாட்டி சறுக்கிட்டேன். பேண்ட்டு கிழிஞ்சி பூடுச்சி. ஒங்கப்பாரு பாத்துட்டாரு."

"பார்த்துட்டாரா? என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அந்தாண்ட திரும்பி நின்னுகினாரு."

அப்பா, நான் யாளிக்காகக் கண்ணீர் விடத் தயாராகிப் போயிருந்தேன். மதில்மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என் நினைவில் எங்கேயுமே இல்லை. எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்? நான் அந்தப் பக்கம் ஒருமுறையாவது பார்த்திருக்க மாட்டேனா? உங்கள் வேலை உங்களை அப்படிச் செய்யச் சொன்னதா, நீங்களாகவே செய்தீர்களா? பிரம்பு வாங்கச் சொல்லி எந்தக் கம்பெனியும் உத்தரவு போட்டிருக்காது.

டைனோசர்கள் மாமல்லபுரத்திலிருந்துதான் வருகின்றன என்று அந்தோணி சொன்னதும், அங்கேயிருந்தே பஸ் ஏறினேன். ஏகாம்பரத்தின் பட்டறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ரோட்டிலிருந்தே நீளக் கழுத்து ஒன்று தகரக் கூரைக்கு மேலே தெரிந்தது. ஆமாம், டைனோசர் செய்வது அவரேதான்! ஃபைபரில். நான்கு பேர் கீழே வேலை செய்கிறார்கள், கையில் இரண்டு ஃபோன், ஆள் பளபளவென்று இருக்கிறார்.

"சூப்பர்வைசர் பொண்ணா நீ? இம்மாத்தூண்டு இருந்த! குந்து, குந்து. டீ சொல்றேன்."

நான் கோபமாகக் கேட்டேன், அவர் செய்ததை உடைத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க அவரே இன்னொன்று செய்து கொடுக்கலாமா என்று. அவர் ஒரு டைனோசரின் பல்லை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"ஒடைச்சா ஒடைக்கட்டும்மா. சிமென்ட்டுக்கும் வயசாவும் இல்ல? இன்னா, இதுவும் யாளி மாரிதான். இத யாரு நேர்ல பாத்தான் சொல்லு? புஸ்தகத்துல ஒருத்தன் வரைஞ்சான், நா செய்யறேன். பல்லு வெச்சா போதும், புள்ளைங்க கத்திகினு ஓடி வரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எரிச்சல். என்னோடு சேர்ந்து வருத்தப்பட இந்த ஊரில் ஓர் ஆள்கூட இல்லையா? கடைசியில், அழுதுவிடுவேனோ என்று பயந்து, வேறு எதையோ கேட்கப்போய் இதைக் கேட்டேன். "எங்கப்பா ஏன் சாகிற வரைக்கும் அதைச் சிங்கம்னே சொன்னார்?"

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "அவுரு ஒன்னாண்ட சொல்லவே இல்லியா?"

அப்புறம்தான் சொன்னார். மேனேஜர் போனபிறகு எஸ்டேட் ஆபீசில் கேட்டார்களாம், வரைபடத்தில் இருப்பது ஒன்று, செய்திருப்பது வேறொன்று, எதைப் பதிவது என்று. வேறு மிருகம் என்று எழுதினால், தப்பாகச் செய்தவன் உடைத்துவிட்டுத் தன் செலவிலேயே மறுபடி செய்துதர வேண்டும். கோபுரவேலைக்கு வெளியே ஏகாம்பரத்துக்கு அதுதான் முதல் வேலை. கல்யாணமாகி நான்கு மாதம். நீங்கள் பம்ப் ஷெட்டுக்குப் போய், "ஏகாம்பரம், நான் சிங்கம்னே எழுதிட்டேன். எவன் கேட்டாலும் அது சிங்கம். நீ வாயத் தொறந்துராத" என்றீர்களாம்.

"அன்னிலருந்து நா தொறக்கல" என்றார் ஏகாம்பரம். "அவுரும் தொறக்கல போல."

இதை என்னிடம் சொன்னால் என்ன அப்பா? ஏழு வயதில் வேண்டாம். இருபது வயதில், சிவப்பு மையடித்த நோட்டைச் சொல்லித் தட்டை வைத்துவிட்டு எழுந்தபோது சொல்லியிருக்கலாமே. அந்த மேனேஜர் மாற்றலாகிப் போய் முப்பது வருடம் ஆகிறது. நீங்களும் ஓய்வுபெற்றாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம் முழுக்க நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மோட்டார் சுவிட்சைப் பற்றியும், கேஸ் புக்கைப் பற்றியும் சொன்னீர்கள். இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா? ஒருவரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய்யை, காப்பாற்றி முடித்தபிறகும் இறக்கி வைக்கக்கூடாதா? நான் உங்களை முப்பத்தெட்டு வருடம் ஒரு பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, அதுவும் பொய்யில்லை.

மாமல்லபுரத்திலிருந்து திரும்பிய இரவே, யாளியை உடைக்க வேண்டாம் என்று மனு அனுப்பினேன். கொடுமை என்னவென்றால், அந்தக் காலத்தில் அதை உடைக்காமல் காப்பாற்றிய அதே வரிதான் இப்போது அதை உடைக்க வைக்கிறது.

இன்று அந்த மின்னஞ்சலைப் படித்ததும் எஸ்டேட் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். எடுத்தவர் சின்னப் பையன்போல் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், யாளின்னு எங்க சிஸ்டம்ல ஐட்டமே இல்ல."

"நேர்ல போய்ப் பாருங்க சார். தும்பிக்கை இருக்கு."

"பார்த்தேன் மேடம். நான்கூட யானைன்னுதான் நினைச்சேன். ஆனா ரிஜிஸ்டர்ல சிங்கம். மாத்தணும்னா அன்னிக்கு எழுதினவர் வந்து விளக்கம் குடுக்கணும்."

"அவர் செத்துட்டார் சார். என் அப்பா அவர்."

"சாரி மேடம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு பண்ணலாம் மேடம். கழிச்ச பொருளை யாராச்சும் சொந்தப் பொறுப்புல எடுத்துட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்தா, குடுக்க இடமிருக்கு. ஆனா சிங்கம்னு எழுதினாதான் முடியும். யாளின்னு எழுதினா மேல அனுப்பவே முடியாது. சனிக்கிழமை ஜேசிபி வருது மேடம், யோசிங்க."

"நான் சிங்கத்தைக் கேட்கலை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அத்தனை வீம்பு! இது யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காலையிலிருந்து வேலை ஓடவில்லை. ஒரு பாட்டியம்மாளை வாத்து கடித்த கேஸுக்குத் தப்பான எண்ணைப் போட்டதால், மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது. மதியம் ஏகாம்பரத்துக்கு ஃபோன் செய்து, அதை நகர்த்த முடியுமா என்று மட்டும் கேட்டேன். "உள்ள செங்கலுந்தான் கம்பியுந்தான். மூணா அறுத்து லாரில ஏத்திடலாம். போற எடத்துல நானே வந்து ஒட்டித் தரேன். தும்பிக்கைய மட்டும் புச்சா செய்யணும். எங்க வெக்கப் போற?" என்றார். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எங்கே வைப்பது என்பதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் சேகரும் நானும் ஒரு மனை வாங்கியிருக்கிறோம். நீங்கள் போனபிறகு வாங்கியது, உங்களுக்குத் தெரியாது. அடுத்த தையில் அஸ்திவாரம். வரைபடத்தில் ரோட்டுப் பக்கம் பதினைந்து அடியை இரண்டு கார் நிறுத்த விட்டிருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒரு கார், அதுவும் பாதி நாள் மெக்கானிக்கிடம்தான் நிற்கிறது. அந்தப் பதினைந்து அடியை நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அந்தத் தெருவில் சாயங்காலம் பிள்ளைகள் கும்பல் கும்பலாகத் திரிவதைப் பார்த்திருக்கிறேன். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். முன்பக்கம் மதில் எழுப்ப மாட்டேன். கேட் வைக்க மாட்டேன். வீட்டுக்குள் போகும் வாசலில் மட்டும்தான் கதவு. "நம்ம எடத்த நாமளே தானமா குடுக்கணுமா? இன்னா பேஜாரு இது!" என்று சேகர் குதிப்பார். குதிக்கட்டும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

நாளை காலை அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு மறைமலைநகருக்குப் போகிறேன். அந்தப் பையன் கேட்டபடியே எழுதிக் கொடுக்கப் போகிறேன்: பூங்காவிலிருந்து கழிக்கப்பட்ட சிமென்ட் சிங்கம் ஒன்றை என் சொந்தப் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறேன். முப்பத்தெட்டு வருடம் உங்களோடு போட்ட சண்டையில் நான் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று அப்பா. மஞ்சள் பெயின்ட் அடிக்க மாட்டேன். ஏறுகிற பிள்ளைகள் இது என்ன என்று கேட்டால் உண்மையான பெயரைச் சொல்வேன், யார் தோளையும் அழுத்த மாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

நாளை ஒருநாள் மட்டும் சிங்கம் என்று கையெழுத்துப் போடப்போகும்,
உங்கள் பிடிவாதக்கார மகள்
மாலதி